வீட்டில் கருவிகள்: வாங்குவது, அடையாளம் போடுவது, பேணுவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுத்தியல் முதல் டிரில் வரை, வீட்டில் வைத்திருக்கும் கருவிகள் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. தினமும் இதே தொழிலில் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியதல்ல. மாதத்தில் ஒன்றிரண்டு முறை கருவிப்பெட்டியைத் திறப்பவர்களுக்கானது.

புதிதாகத் தொடங்குகிறேன். முதலில் எதையெல்லாம் வாங்குவது?

பட்டியல் போட்டு ஒரே நாளில் வாங்காதீர்கள். ஒரு வேலை வரட்டும், அதற்கு வேண்டியதை வாங்குங்கள். இப்படியே போனால் உங்கள் வீட்டுக்கு ஏற்ற பெட்டி தானாகச் சேர்ந்துவிடும். ஆனாலும் நடுராத்திரியில் குழாய் ஒழுகும்போது கடைக்கு ஓட முடியாது. ஆகவே சில பொருட்கள் எப்போதும் கையில் இருக்கட்டும்: ஆணி பிடுங்கும் கொம்புள்ள சுத்தியல், கட்டிங் பிளேயர், அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், தட்டை முனையும் நட்சத்திர முனையும் கொண்ட திருப்புளிகள், 5 மீட்டர் டேப், ஆக்சா பிளேடும் ஃபிரேமும், ஒரு மடக்குக் கத்தி, ஒரு சின்ன ரசமட்டம். சுத்தியலின் தலை 450 கிராம் அளவில் இருந்தால் வீட்டுக்குப் போதும். அதைவிடக் கனமானதை வாங்கினால் மணிக்கட்டுதான் வலிக்கும்.

கூடவே கண்ணைக் காக்கும் கண்ணாடி. இதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் அநேகமாக வாங்குவதே இல்லை.

நூறு, நூற்றைம்பது உருப்படிகளோடு வரும் பெரிய செட் லாபம்தானே?

உள்ளே என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் பிட் எனப்படும், மாற்றி மாட்டும் விரல்நீள முனைகளும், உங்கள் வீட்டில் எந்த நட்டுக்கும் பொருந்தாத சாக்கெட்டுகளுமாக இருக்கும். எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகவே அவை சேர்க்கப்படுகின்றன. நிஜமாகப் பயன்படும் பத்துப் பன்னிரண்டு கருவிகளைத் தனித்தனியாக, கையில் பிடித்துப் பார்த்து வாங்கினால் தரமும் கூடும், பெட்டியும் இலகுவாகும். ஸ்பேனர், சாக்கெட் போன்றவற்றை மட்டும் செட்டாக வாங்குவதில் பொருள் உண்டு. அங்கே அளவு வரிசை முழுதாக இருந்தால்தான் உதவும்.

மலிவானது போதுமா, நல்ல நிறுவனத்துப் பொருள்தான் வேண்டுமா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: வேலையைத் தொடுகிற முனை எது? காசை அங்கே போடுங்கள். சுமாரான டிரில்லில் நல்ல பிட்டை மாட்டினால் துளை சுத்தமாக விழும். உயர்ந்த டிரில்லில் மட்டமான பிட்டை மாட்டினால் புகைதான் வரும். ரம்பத்தின் பல், உளியின் விளிம்பு, திருப்புளியின் நுனி, பிளேயரின் வாய் ஆகியவற்றில் மிச்சம் பிடிக்க வேண்டாம். கிளாம்ப், பெயிண்ட் சுரண்டி, ரப்பர் சுத்தியல் போன்றவை மலிவாக இருந்தாலும் குறையில்லை.

ஸ்பேனரிலும் திருப்புளியிலும் குரோம் வனேடியம் எஃகு என்று பொறித்திருப்பது நல்ல அறிகுறி. ஆனால் பொறிப்பை மட்டும் நம்ப முடியாது. ஸ்பேனரின் வாயைப் பாருங்கள். இரு தாடைகளும் இணையாக, பிசிறில்லாமல் இருக்க வேண்டும். பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெட்டும் விளிம்புகளுக்கு இடையே வெளிச்சம் கசிந்தால் மெல்லிய கம்பியை அது கடித்து இழுக்குமே தவிர வெட்டாது.

மலிவு என்பதற்காக எடுக்கவே கூடாதவை சில உண்டு. உங்கள் எடையைத் தாங்கும் ஏணி, மின்சாரத்தோடு சம்பந்தப்பட்டவை, வேகமாகச் சுழலும் டிஸ்க், கண்ணாடி, காதடைப்பான். இவை தோற்றால் கெடுவது வேலை மட்டுமல்ல.

ஸ்க்ரூவின் தலை அடிக்கடி தேய்ந்துபோகிறது. என் கைதான் காரணமா?

பெரும்பாலும் முனை பொருந்தாததுதான் காரணம். நட்சத்திரத் தலையில் ஒன்றுக்கொன்று மிக ஒத்த இரண்டு வகைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்ற பிலிப்ஸ் வகை ஒன்று. பின்னால் வந்த போசிட்ரைவ் வகை மற்றொன்று. போசிட்ரைவ் ஸ்க்ரூவின் தலையில் சிலுவைக்கு நடுநடுவே நான்கு மெல்லிய கோடுகள் தெரியும். பிலிப்ஸ் திருப்புளியை அதில் போட்டால் உட்காருவதுபோலத் தோன்றும், அழுத்தித் திருகும்போது எகிறும்.

அப்புறம் அளவு. 1, 2, 3 என்ற எண் திருப்புளித் தண்டிலேயே இருக்கும். வீட்டில் பெரும்பாலும் வேலைக்கு வருவது 2. ஸ்க்ரூ சின்னதாகத் தெரிகிறதே என்று 1-ஐ எடுப்பதுதான் தலை தேய்வதற்கு வழக்கமான காரணம். முனை குழியில் ஆடாமல் உட்கார வேண்டும். திருப்புவதற்குக் கொடுக்கும் பலத்தைவிட உள்ளே அழுத்துவதற்குக் கூடுதல் பலம் கொடுங்கள். முனை மழுங்கிய திருப்புளியைப் பெயிண்ட் டப்பா திறக்க ஒதுக்கிவிடுங்கள். நல்ல திருப்புளியால் டப்பா திறக்காமல் இருக்கவும் அது உதவும்.

சாதா டிரில், ஹேமர் டிரில், ரோட்டரி ஹேமர் – எது வேண்டும்?

மரத்திலும் தகட்டிலும் மட்டும் துளை போடுவதாக இருந்தால் சாதா டிரில் போதும். செங்கல் சுவரில் எப்போதாவது துளை போட ஹேமர் டிரில். அதற்குள் வரிவரியான இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி எகிறுவதால் பிட் மெல்லிய, வேகமான அதிர்வோடு முன்னும் பின்னும் நகர்கிறது. நீங்கள் பின்னாலிருந்து எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவுதான் அடியும் விழும். கான்கிரீட் தூணில் இதை வைத்துப் போராடுவது கைக்கும் மெஷினுக்கும் தண்டனை.

ரோட்டரி ஹேமரின் அமைப்பே வேறு. உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று ஒரு சம்மட்டித் துண்டைத் தள்ளி, அது பிட்டின் பின்புறத்தை அறைகிறது. அழுத்தாமல் பிடித்துக்கொண்டிருந்தாலே கான்கிரீட்டில் இறங்கும். தண்டில் பள்ளம் வெட்டிய எஸ்டிஎஸ் பிட் மட்டும்தான் இதில் மாட்டும். எடையும் அதிகம். வீடு முழுக்கக் கான்கிரீட் சுவர் என்றால் வாங்கலாம். வருடத்துக்கு நாலு துளைதான் என்றால் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

ஒரே பிட்டை எல்லாவற்றுக்கும் போடலாமா?

கூடாது. முனையில் அம்புபோல அகலமான கார்பைடு துண்டு பற்றவைத்திருந்தால் அது சுவருக்கானது. அது உடைத்துக்கொண்டு போகுமே தவிர வெட்டாது. நடுவில் கூரான ஊசிமுனையும் இரு ஓரங்களில் வெட்டுமுனையும் இருந்தால் மரத்துக்கு. சாதாரணக் கூம்பு முனையுள்ள ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) பிட் இரும்புக்கு, அவசரத்துக்கு மரத்துக்கும் ஆகும். அதை ஒருமுறை செங்கல்லில் வைத்தால் கதை முடிந்தது.

இரும்பில் துளை போடும்போது வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டி, இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். டைல்ஸில் ஹேமர் முறையை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். மேல்பூச்சைத் தாண்டிச் சுவரைத் தொட்ட பிறகுதான் ஹேமர்.

பேட்டரி மெஷினா, ஒயர் உள்ளதா?

தொடர்ந்து ஓட வேண்டிய ஆங்கிள் கிரைண்டர் (டிஸ்க் சுழன்று வெட்டும், தேய்க்கும் மெஷின்), ரோட்டரி ஹேமர் போன்றவற்றுக்கு ஒயர். அங்கங்கே ஏறி இறங்கி ஸ்க்ரூ போடுவதற்குப் பேட்டரி. அடிக்கடி பயன்படுத்தாதவர்களுக்கு ஒயர் உள்ளதில் ஒரு வசதி: அலமாரியில் ஐந்து வருடம் தூங்கினாலும் பிளக்கைச் செருகினால் எழுந்துவிடும். பேட்டரி அப்படியில்லை, சும்மா இருந்தாலும் அதற்கு வயது ஆகும்.

பேட்டரிதான் என்று முடிவு செய்தால் மெஷினைப் பார்ப்பதற்கு முன் பேட்டரி வரிசையைப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் பேட்டரி பொதுவாக இன்னொரு நிறுவனத்தின் மெஷினில் மாட்டாது. முதல் டிரில் வாங்கும்போதே அடுத்து வாங்கப்போகும் நாலு மெஷின்களையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். இன்னொன்று, 18 வோல்ட்டைவிட 20 வோல்ட் பலமானது என்று சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டிலும் வழக்கமாக ஐந்து லித்தியம் செல்கள் வரிசையாக இருக்கும். செல்லுக்கு 3.6 வோல்ட் என்று கணக்கிட்டால் 18. முழுச் சார்ஜ் உள்ள நிலையைச் சொன்னால் 20. செல் ஒன்றுதான், அட்டைப்பெட்டி வேறு.

பழைய மெஷின் வாங்கலாமா?

கைக்கருவிகளைத் தயங்காமல் வாங்கலாம். பழைய உளியும் இழைப்புளியும் பல சமயம் புதியவற்றைவிட நல்ல எஃகாக இருக்கும். மேலே உள்ள துரு ஒரு பொருட்டல்ல, குழிகுழியாக அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். மின்கருவி என்றால் ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். காற்றுத் துளை வழியாகப் பார்த்தால் சின்ன நீலப்பொறி தெரிவது இயல்பு. வட்டமாகத் தீ சுற்றினாலோ, கருகிய வாசம் வந்தாலோ, அணைத்ததும் கரகரவென்று நின்றாலோ வேண்டாம். சக்கில், அதாவது பிட்டைப் பிடிக்கும் வாயில், நேரான பிட்டை மாட்டிச் சுழலவிடுங்கள், முனை வட்டம் போடக்கூடாது. பேட்டரி மெஷினாக இருந்தால் பழைய பேட்டரிக்கு மதிப்பே போடாமல் விலை பேசுங்கள்.

ஆங்கிள் கிரைண்டர் வாங்கப் பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் இருக்கட்டும். 100 மி.மீ. கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று ஓடும். டிஸ்க்கின் மேல் அதிகபட்சச் சுற்று வேகம் அச்சிட்டிருக்கும். அது மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கவே கூடாது. பெரிய டிஸ்க்கை மாட்டுவதற்காக டிஸ்க்கை மறைக்கும் கார்டை, அதாவது பாதுகாப்பு மறைப்பை, கழற்றுவது நடப்பதுதான், விரல்களும் கண்களும் போவது அங்கேதான். நடுவில் உள்ள உலோக வளையத்தில் மாதமும் வருடமும் பொறித்திருந்தால் அது காலாவதித் தேதி. டிஸ்க்கைப் பிணைக்கும் பிசின் நாளாக ஆக வலுவிழக்கும், ஈரத்தில் இன்னும் சீக்கிரம். கீழே விழுந்த டிஸ்க்கில் கீறல் தெரியாவிட்டாலும் தூக்கிப்போடுங்கள். வெட்டும் டிஸ்க்கின் பக்கவாட்டில் தேய்க்க வேண்டாம். முதலில் ஆளில்லாத பக்கம் திருப்பி அரை நிமிடம் வெறுமனே ஓடவிட்டுப் பிறகு வேலையைத் தொடுங்கள்.

என் டிரில்லின் பிளக்கில் எர்த் முனை இல்லை. பழுதா?

லேபிளைப் பாருங்கள். சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்டிருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ள மெஷின், எர்த் தேவையில்லை. அந்தக் குறியும் இல்லை, எர்த்தும் இல்லை என்றால் தொடாதீர்கள். எந்த மெஷினானாலும் அது செருகும் இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருப்பது நல்லது. சுருள் எக்ஸ்டென்ஷன் பயன்படுத்தினால் முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். சுற்றியபடியே வைத்து ஓட்டினால் உள்ளே சூடேறிக் காப்பு உருகும்.

பிளேயரின் பிடியில் பிளாஸ்டிக் உறை இருக்கிறதே, ஷாக் அடிக்காதுதானே?

அது கை வழுக்காமல் இருக்கப் போட்ட உறை. மின்வேலைக்கான பிளேயரில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். அது இருந்தாலும் மெயின் சுவிட்சை அணைப்பதுதான் முதல் வேலை. டெஸ்டர் விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் வைத்து மின்சாரம் இல்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம். எரியும் என்று தெரிந்த இடத்தில் முதலில் வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கருவிகளில் அடையாளம் எதற்கு? எப்படிப் போடுவது?

திருடனுக்காக மட்டுமில்லை. வீட்டுக்கு வேலை செய்ய வருபவரிடமும் அதே நிறத்தில் அதே பிளேயர் இருக்கும். வேலை முடிந்து அள்ளிப் போடும்போது யாருடையது யாரிடம் போனது என்று இருவருக்குமே தெரியாது. அடையாளம் இருந்தால் சந்தேகமே எழாது, மனஸ்தாபமும் இல்லை.

எளிதானது நிறம். ஒரு நிறத்தை உங்களுக்கென்று வைத்துக்கொண்டு, பிடிக்குப் பக்கத்தில் ஒரு வளையம் பெயிண்ட் மார்க்கரால் போடுங்கள். எண்ணெயைத் துடைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டுப் போட்டால் நிற்கும். ஒட்டும் டேப் வெயிலில் பிசுபிசுத்து நழுவும். அதற்குப் பதில் சூடுபட்டால் சுருங்கும் வண்ணக் குழாயைத் திருப்புளித் தண்டில் போடலாம், கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பெயிண்டைச் சுரண்டிவிடலாம், குழாயை அறுத்துவிடலாம்.

நிரந்தரம் வேண்டுமானால் பொறிக்க வேண்டும். அதிரும் ஊசிமுனையுள்ள மின்பேனா பெரும்பாலான உலோகத்திலும் கெட்டி பிளாஸ்டிக்கிலும் எழுதும். எழுத்து அழகாக வராது, பரவாயில்லை. பூச்சில்லாத எஃகுக்கு இன்னொரு வழி இருக்கிறது: உப்பு நீரும் 9 வோல்ட் பேட்டரியும். கருவியின் மேல் நகப்பூச்சைத் தடவிக் காயவிட்டு, ஊசியால் எழுத்தைக் கீறி எஃகு தெரியும்படி செய்யுங்கள். பேட்டரியின் நேர்முனையைக் கருவியோடும், எதிர்முனையை உப்பு நீரில் நனைத்த பஞ்சோடும் இணைத்து, எழுத்தின் மேல் சில விநாடிகள் ஒற்றி ஒற்றி எடுங்கள். கீறிய இடத்தில் மட்டும் எஃகு அரித்து எழுத்து நிற்கும். பிறகு கழுவி, துடைத்து, எண்ணெய் பூசிவிடுங்கள். குரோம் பூசியவற்றிலும் துருப்பிடிக்காத எஃகிலும் இதைச் செய்யாதீர்கள், நச்சுள்ள குரோமியச் சேர்மங்கள் உண்டாகும்.

என்ன எழுதுவது என்பது உங்கள் விருப்பம். இரண்டு எழுத்தும் ஒரு எண்ணும் போதும். முழு முகவரி வேண்டாம். தொலைந்த பெட்டி யார் கையில் கிடைக்கும் என்று தெரியாது.

எங்கே அடையாளம் போடக்கூடாது?

வேலையைத் தொடுகிற எந்த இடத்திலும் கூடாது. சுத்தியலின் முகம், ஸ்பேனரின் தாடை, உளியின் அலகு ஆகியவை கடினப்படுத்திய பகுதிகள். அங்கே எழுத்துப் பஞ்ச் வைத்து அடித்தால் சில்லுத் தெறிக்கும், இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து பின்னொரு நாள் உடையும். மின்வேலைப் பிளேயரின் காப்பு உறையில் கீறவோ பெயிண்ட் அடிக்கவோ கூடாது. பேட்டரியில் ஊசிமுனை எதுவும் படக்கூடாது, மார்க்கரால் எழுதினால் போதும். மின்கருவியில் காற்றுத் துளைகளை மறைக்காதீர்கள். லேபிளின் மேலும் எதையும் ஒட்டாதீர்கள்.

அந்த லேபிளை வாங்கிய அன்றே ரசீதோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். வரிசை எண் அதில் இருக்கும். வாரண்டிக்கும் சரி, திருட்டுப் புகாருக்கும் சரி, கேட்பது அந்த எண்ணைத்தான்.

இரவல் கொடுத்தது திரும்பி வருவதில்லை.

கொடுக்கும்போது கருவியைக் கையில் பிடித்தபடி அவரை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிரித்துக்கொண்டே செய்யலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உளியையும் நல்ல ரம்பத்தையும் நான் கொடுப்பதில்லை. அதற்கென்று இரண்டாந்தர உளி ஒன்று வைத்திருப்பது நட்புக்கு நல்லது.

துருப்பிடிக்காமல் வைப்பது எப்படி?

காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். வேர்வையில் உள்ள உப்பு அதை இன்னும் விரைவாக்கும். அதனால் வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் கைரேகையைத் துடைப்பதுதான் பாதிப் பாதுகாப்பு. பிறகு மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுவிட்ட துணியால் ஒரு இழுப்பு. வழிய வழியப் பூசினால் தூசி ஒட்டிச் சேறாகும்.

வைக்கும் இடம்தான் மீதிப் பாதி. குளியலறைச் சுவருக்குப் பின்னால், தரையில், சிமெண்ட் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளைப் போடலாம். அவை ஈரத்தை உறிஞ்சி நிரம்பியதும் வேலை செய்யாது, சூடாக்கி உலர்த்தினால் மறுபடி பயன்படும். கருவியைத் தோல் உறையிலேயே மாதக்கணக்கில் விடாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அரங்களை ஒன்றோடொன்று உரசும்படி குவித்துவைத்தால் துருவுக்கு முன்பே பல் போய்விடும்.

டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்துவிட்டால் போதாதா?

அது 1953-இல் நீரை விலக்குவதற்காக உருவானது, நாற்பதாவது முயற்சியில் சரிவந்ததால் அந்தப் பெயர். நனைந்த கருவியிலிருந்து ஈரத்தை விரட்டவும், இறுகிய நட்டை இளக்கவும் நல்லது. ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகிவிடும், மிஞ்சுவது மெல்லிய படலம். ஓடும் பாகங்களுக்கு எண்ணெயோ கிரீஸோ போடுங்கள்.

ஏற்கெனவே துருப்பிடித்துவிட்டதே?

லேசாக இருந்தால் எண்ணெய் விட்டு இரும்புப் பஞ்சால் தேயுங்கள். அழுத்தமாக இருந்தால் மரப்பிடியைக் கழற்றிவிட்டு, சாதாரண வினிகரில் ஒரு இரவு ஊறவிடுங்கள். காலையில் கம்பிப் பிரஷால் தேய்த்தால் கரியாகக் கழன்று வரும். சமையல் சோடா கலந்த நீரில் கழுவி மிச்ச அமிலத்தை முறித்து, உடனே துடைத்துச் சூடாக உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் கண்ணெதிரே புதுத் துரு படியும். குரோம் பூசியவற்றை வினிகரில் போட வேண்டாம்.

உளியை வீட்டிலேயே தீட்ட முடியுமா?

முடியும், சாணைக்கல்கூட வேண்டியதில்லை. தடித்த கண்ணாடித் துண்டின் மேல் தண்ணீர் பட்டாலும் கிழியாத உப்புத்தாளை ஒட்டுங்கள். 400, 800, 1500 என்று நயமாகிக்கொண்டே போகட்டும். முதலில் உளியின் தட்டையான பின்புறத்தை முனையருகே கண்ணாடிபோல மினுங்கும்வரை தேயுங்கள். பலரும் விடுவது இதைத்தான். விளிம்பு என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் இடம், ஒன்றை மட்டும் தீட்டிப் பயனில்லை. பிறகு சரிவுப் பக்கம். 25 பாகைச் சரிவில் முழுதும், நுனியில் மட்டும் 30 பாகையில் சில இழுப்புகள். பின்புறத்தில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்பட்டால் விளிம்பு வந்துவிட்டது. பிசிறைத் தட்டையாக ஒரு இழுப்பில் எடுத்துவிடுங்கள்.

மின்சாணையில் பிடித்தால் நொடிக்கொருமுறை தண்ணீரில் தோய்க்க வேண்டும். முனை நீலமாக மாறினால் ஏறத்தாழ 300 டிகிரியைத் தொட்டுப் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். அந்த நீலம் உள்ளவரை தேய்த்து எடுத்தால்தான் பழைய கடினம் கிடைக்கும். கைரம்பத்தின் பற்கள் கருநீலமாக இருந்தால் அரத்தால் தீட்ட முயலாதீர்கள். அவை அரத்தைவிடக் கடினமானவை, மழுங்கினால் மாற்ற வேண்டியதுதான்.

சுத்தியலின் தலை ஆடுகிறது. தண்ணீரில் ஊறப்போடலாமா?

அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். ஆப்பை மாற்றி அடியுங்கள், காம்பு விரிந்திருந்தால் காம்பையே மாற்றுங்கள். மரக்காம்புக்கு வருடம் ஒருமுறை ஆளிவிதை எண்ணெய் தடவுவது நல்லது. துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகித் தானே தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

மின்கருவிகளுக்கு என்ன பராமரிப்பு?

தூசிதான் முதல் எதிரி. சுவரில் துளை போட்ட பிறகு காற்றுத் துளைகளை உலர்ந்த பிரஷால் தட்டுங்கள். தலைக்கு மேலே துளை போடும்போது சக்குக்குள் விழும் தூளையும் தட்டுங்கள். ஒயர் மெஷினுக்குள் நுழையும் இடத்தை வளைத்துப் பாருங்கள். காப்பு முதலில் வெடிப்பது அங்கேதான். ஒயரை மெஷினின் உடம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதை விட்டாலே பாதி பிரச்சினை வராது.

கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) உள்ள மோட்டாராக இருந்தால் பொறி அதிகரிக்கும்போதும், அழுத்தினால் விட்டுவிட்டு ஓடும்போதும் பிரஷைக் கழற்றிப் பாருங்கள். 5, 6 மி.மீ. மட்டுமே மிஞ்சியிருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

பேட்டரியைப் பாதிச் சார்ஜில், குளிர்ந்த இடத்தில், மெஷினிலிருந்து கழற்றி வையுங்கள். முழுதாக ஏற்றியோ முழுதாக இறக்கியோ மாதக்கணக்கில் விட்டால் சீக்கிரம் மூப்படையும். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜரில் போடாமல் ஆறவிடுங்கள். உப்பிய பேட்டரியைத் திறக்கவோ ஏற்றவோ வேண்டாம்.

ரசமட்டமும் மூலைமட்டமும் சரியாக இருக்கின்றனவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ரசமட்டத்தை ஓரிடத்தில் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். குமிழி இரண்டு முறையும் உங்கள் பார்வையில் ஒரே பக்கம் ஒரே அளவு விலகினால் மட்டம் சரி, பரப்புத்தான் சரிவு. இடம் மாறினால் மட்டத்தில்தான் பிழை. மூலைமட்டத்தைப் பலகையின் நேரான விளிம்பில் வைத்துக் கோடு போட்டு, கவிழ்த்து வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் பிரிந்தால், பிரிவில் பாதி உங்கள் மூலைமட்டத்தின் பிழை.

டேப்பின் முனைக் கொக்கி ஆடுகிறது. அடித்து இறுக்கலாமா?

இறுக்காதீர்கள். அது ஆட வேண்டும். கொக்கியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு தூரம் முன்னும் பின்னும் நகரும்படி வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். வெளிவிளிம்பில் மாட்டி இழுத்தாலும், உள்மூலையில் முட்டவைத்தாலும் அளவு ஒன்றாக வருவதற்கு அதுதான் காரணம். டேப்பை விட்டதும் சரக்கென்று அடித்துக்கொண்டு உள்ளே போகவிட்டால் ஆணித்துளை பெரிதாகி ஆட்டம் அளவுக்கு மீறிப்போகும். அப்படிப் போனதை ஆணி அடிக்கவும் பலகை அறுக்கவும் நம்ப முடியாது, துணி அளக்க வைத்துக்கொள்ளலாம்.